கடையை வாங்கினால் கடனும் வருமா?

(சிறு வியாபாரிகளுக்கான மாதக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நான் வரவு செலவு வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இன்று கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் அலுவலகத்துக்கு வந்த ஒரு தம்பிதான் காரணம். அவருடைய சம்மதத்தோடு, பெயரையும் ஊரையும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்தத் தம்பி செருப்பு ஷூ கம்பெனியில் பல வருடம் மெஷின் பிரிவில் வேலை பார்த்தவர். சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று ஆசை. வயதான ஒருவர் நடத்திவந்த பட்டறை ஒன்று விலைக்கு வந்தது. சோல் ஒட்டும் பிரஸ் மெஷின் செய்கிற சின்னப் பட்டறை. லேத், டிரில்லிங் மெஷின், மோல்டுகள், செய்து முடித்து விற்காமல் நிற்கிற மூன்று பிரஸ், வாடிக்கையாளர் நோட்டு, கடைப் பெயர், போர்டு எல்லாம் சேர்த்து ஒரே விலை. நம் அறக்கட்டளை கர்ளன் ஹஸனாவாகக் கொஞ்சம் கொடுத்தது. மீதிக்கு வீட்டு நகை. முன்பணம் கொடுத்து அக்ரிமெண்டும் போட்டாகிவிட்டது. சாவி கைக்கு வந்த பிறகு மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, பழைய கரண்ட் பில்லுக்கு அடியில் ஒரு வக்கீல் நோட்டீஸ் கிடைத்திருக்கிறது. 'எங்கள் பேட்டன்டில் உள்ள பூட்டு அமைப்பை உங்கள் பிரஸ்ஸில் அனுமதியின்றிப் பயன்படுத்துகிறீர்கள், உடனே நிறுத்துங்கள், இதுவரை விற்றதற்கு நஷ்ட ஈடு கொடுங்கள்' என்று எழுதியிருந்தது. அனுப்பி 14 மாதம் ஆகியிருந்தது. பெரியவர் பதிலே போடவில்லை.

தம்பி அந்தக் காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "மாமு, அவர் செஞ்சதுக்கு நான் பணம் கட்டணுமா?"

நான் சட்டென்று, "நீ என்னப்பா செய்தாய்? உனக்கு ஒன்றும் வராது, போய் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பணத்தில் ஊராரின் பணமும் இருக்கிறது. தெரியாத விஷயத்தில் தெரிந்தவன்போல் பேசியது தவறு. மறுநாள் நமக்கு உதவுகிற வக்கீல் சகோதரரிடம் போய் உட்கார்ந்தேன். நான் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு என்று தெரிந்தது. அந்த இரண்டு பாதியையும்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பேட்டன்ட் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. தமிழில் காப்புரிமை என்கிறார்கள். புத்தகம், சினிமா உரிமைக்கும் சிலர் அதே சொல்லைப் போடுவதால் குழப்பம் வருகிறது. அதனால் பேட்டன்ட் என்றே சொல்கிறேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒளிக்காமல் அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்கு அரசாங்கம் அவருக்கு 20 வருடம் தனி உரிமை தருகிறது. நம் நாட்டில் 1970ஆம் ஆண்டின் பேட்டன்ட் சட்டம். அந்தந்த நாட்டில் வாங்கியது அந்தந்த நாட்டில்தான் செல்லும். 20 வருடம் முடிந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

'எண்ணத்துக்கு எப்படிப்பா சொந்தம் கொண்டாடுவது? அறிவு அல்லாஹ் கொடுத்ததுதானே?' என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. மதரஸாவில் ஓதிய காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை எடுத்துப் பேசி, வியாபாரப் பெயர், எழுத்துரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியவை விலை மதிப்புள்ள, ஷரீஅத் மதிக்கிற உரிமைகள். அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று முடிவு சொன்னது. ஆகவே அந்த நோட்டீஸில் உள்ளது உண்மையானால், பெரியவர் மீது இருப்பது கடன்தான். யாரோ ஒருவருடைய பணம் இவர் கையில் நின்றுவிட்டது. அந்தக் கடன் பட்டறையோடு சேர்ந்து கைமாறுமா என்பதுதான் கேள்வி.

வக்கீல் சகோதரர் எனக்கு ஒரு வழக்கைச் சொன்னார். பிறகு நானும் அதைத் தேடிப் படித்தேன். உங்களில் பலருக்கு தேவூ என்ற பெயர் நினைவிருக்கும். நம் ஊர்த் தெருக்களில் சியலோ, மடீஸ் என்று கார் ஓடியதே, அந்த தேவூதான். கொரியாவில் 1967இல் கிம் ஊ ஜூங் என்பவர் தொடங்கியது. துணியில் ஆரம்பித்துக் கப்பல், கார், டிவி, ஃபிரிட்ஜ் என்று வளர்ந்து, அந்த நாட்டின் மிகப் பெரிய தொழில் குழுமங்களில் ஒன்றானது. எல்லாம் கடனில் வளர்ந்தது. 1999இல் மொத்தமாகச் சரிந்தது. கடன் கொடுத்த வங்கிகள் சேர்ந்து, பிழைக்கக்கூடிய பகுதிகளைப் பிரித்தெடுத்துப் புதுக் கம்பெனிகளுக்கு மாற்றின. அப்படித்தான் 2002இல் தேவூ எலெக்ட்ரானிக்ஸின் நல்ல தொழில்கள் பழைய கம்பெனியிலிருந்து ஒரு புதிய கம்பெனிக்குப் போயின. பழைய கம்பெனி வெறும் கூடாக நின்றது.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு விசிஆர் இருந்தது. என் நிக்காஹ் கேசட் இன்னும் பரணில் கிடக்கிறது, போட்டுப் பார்க்கத்தான் மெஷின் இல்லை. ஜப்பானில் ஃபுனாய் என்ற கம்பெனி விசிஆர் செய்வதில் கெட்டிக்காரர்கள். அதன் உள்ளே இருக்கிற மின்சுற்றுகளுக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கி வைத்திருந்தார்கள். தேவூ அமெரிக்காவில் விற்ற விசிஆர்களில் தங்கள் பேட்டன்ட் பயன்பட்டிருக்கிறது என்று கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். பழைய கம்பெனி, புதிய கம்பெனி, அமெரிக்காவில் விற்பனை செய்த கிளைக் கம்பெனி எல்லாவற்றின் மீதும் வழக்கு.

பழைய கம்பெனி கோர்ட்டுக்கு வந்து வாதாடவே இல்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பானது. ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு யாரிடம் வசூலிப்பது? கூட்டில் ஒன்றும் இல்லையே. ஆகவே ஃபுனாய், 'புதிய கம்பெனி என்பது பழையதின் தொடர்ச்சிதான். பழைய கம்பெனி பட்ட கடனையும் அதுவே கொடுக்க வேண்டும்' என்று வாதாடியது.

இங்கே நன்றாகக் கவனியுங்கள். புதிய கம்பெனி தன் சொந்தக் காலத்தில் விற்ற விசிஆர்களுக்கு அது தப்பவில்லை. ஜூரி சில பேட்டன்டுகள் மீறப்பட்டதாகச் சொல்லி, 70 லட்சம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு போட்டார்கள். ஆனால் கைமாறுவதற்கு முன் பழைய கம்பெனி செய்ததற்குப் புதிய கம்பெனி பொறுப்பில்லை என்று கோர்ட் சொன்னது. அமெரிக்காவில் பேட்டன்ட் அப்பீல்களைக் கேட்கிற ஃபெடரல் சர்க்யூட் கோர்ட்டும் 2010இல் அதையே உறுதி செய்தது. பேட்டன்ட் அமெரிக்கப் பேட்டன்டாக இருக்கலாம். ஆனால் தொழில் கைமாறியது கொரியாவில், இரண்டு கொரியக் கம்பெனிகளுக்கு நடுவில். ஆகவே வாங்கியவர் எந்தக் கடனுக்குப் பொறுப்பு என்பதைக் கொரியச் சட்டப்படிதான் பார்க்க வேண்டும்; அந்தச் சட்டப்படி பொறுப்பில்லை என்றார்கள்.

அந்தக் கொரிய வணிகச் சட்டத்தில் 42ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒருவர் தொழிலை வாங்கி, விற்றவருடைய வியாபாரப் பெயரையே தொடர்ந்து வைத்துக்கொண்டால், விற்றவர் அந்தத் தொழிலில் பட்ட கடனுக்கு வாங்கியவரும் பொறுப்பு. அந்தப் பொறுப்பு வேண்டாம் என்றால், வாங்கியவுடன் தாமதிக்காமல், 'பழைய கடனுக்கு நான் பொறுப்பில்லை' என்று பதிவேட்டில் பதிவு செய்துவிட வேண்டும். ஜப்பானிலும் இதே மாதிரி விதி உண்டு. என்ன நியாயம் பாருங்கள்! கடன் கொடுத்தவன் போர்டைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறான். போர்டு மாறவில்லை. உள்ளே ஆள் மாறியது அவனுக்கு எப்படித் தெரியும்? 'பெயரை வைத்துக்கொள்வதானால் கடனையும் வைத்துக்கொள், இல்லையென்றால் ஊரறியச் சொல்லிவிடு' என்கிறது அந்தச் சட்டம்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு. அதே ஃபுனாய்தான் உலகத்தில் கடைசிவரை விசிஆர் செய்த கம்பெனி, 2016இல் நிறுத்தினார்கள். 2024இல் அந்தக் கம்பெனியே திவாலானது. அன்று வசூலிக்க அலைந்தவர்களின் வாசலிலேயே பிறகு கடன்காரர்கள் நின்றார்கள்.

சரி, அமெரிக்காவில் பொது விதி என்ன? கம்பெனியின் பங்குகளை வாங்கினால், அதாவது ஷேர் வாங்கினால், கம்பெனி அதே கம்பெனிதான். முதலாளி மட்டும்தான் மாறுகிறார். கடன் எங்கேயும் போகாது. ஆனால் மெஷின், ஸ்டாக், கட்டடம், பெயர் என்று சொத்தை மட்டும் வாங்கினால் கடன் விற்றவரிடமே நிற்கும். இதற்கு அவர்கள் நான்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். வாங்கியவர் கடனையும் ஏற்பதாக ஒப்புக்கொண்டிருந்தால் பொறுப்பு வரும். பெயருக்கு விற்பனை, உண்மையில் இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டன என்றாலும் வரும். பழைய கம்பெனியே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றாலும் வரும். கடன்காரனை ஏமாற்றவே கைமாற்றினார்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் மூன்றாவதுதான் சண்டைக்கு இடம். எதை வைத்து 'அதே கம்பெனி' என்று சொல்வது? 1985இல் மின்னசோட்டா மைனிங் என்ற பெரிய கம்பெனி, அதுதான் நாம் த்ரீ எம் என்கிறோமே, அது ஈகோ கெம் என்ற கம்பெனி மீது போட்ட பேட்டன்ட் வழக்கு. தொழில் புதுக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டது. கோர்ட் அந்தப் புதுக் கம்பெனியையும் வழக்கில் சேர்த்து, தீர்ப்பு அதையும் கட்டும் என்றது. ஆனால் 2005இல் ஓஹாயோ மாநிலத்தில் வந்த விஸி ட்ராக் வழக்கில் வேறு மாதிரி ஆனது. டை காஸ்டிங் மெஷினைக் கண்காணிக்கிற கருவி சம்பந்தப்பட்ட பேட்டன்ட். பேட்டன்ட்காரர் பழைய கம்பெனி மீது ஜெயித்தார். அது திவாலானது. சொத்துகளை வாங்கிய புதுக் கம்பெனி ஏறத்தாழ அதே பெயரில் நடந்தது. அப்படியிருந்தும், ஓஹாயோ சட்டப்படி பழைய முதலாளிகளே புதிய கம்பெனிக்கும் முதலாளிகளாக இருந்தால்தான் 'தொடர்ச்சி' என்று சொல்ல முடியும் என்று கூறி, புதுக் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். ஜெயித்த மனிதர் கையில் காகிதம்தான் மிஞ்சியது.

இதைக் கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. வக்கீல் சகோதரரிடம் சொன்னேன், இது அநியாயம் இல்லையா என்று. அவர் சிரித்துவிட்டு, "அண்ணே, எல்லாப் பழைய கடனையும் வாங்குறவன் தலையில கட்டினா, மூடிக்கிடக்கிற ஃபேக்டரியை யார் வாங்குவா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் பக்கத்திலேயே எத்தனை பட்டறை பூட்டிக் கிடக்கிறது! வாங்க ஆள் வந்தால் பத்துப் பேருக்கு வேலை. இழுப்பறைக்குள் என்ன இருக்குமோ என்று பயந்தால் யாரும் கிட்டே வர மாட்டார்கள். துருப்பிடித்து இரும்பு விலைக்குப் போகும். அப்போது கடன்காரருக்கும் ஒன்றும் கிடைக்காது. கொடுத்த விலை நியாயமான விலையாக இருந்தால், அந்தப் பணம் விற்றவர் கையில் இருக்கிறது; கடன்காரர் அங்கே போய்க் கேட்கலாம். தப்பு நடப்பது, அடிமாட்டு விலைக்குச் சொத்தைத் தள்ளிவிட்டு விற்றவர் காணாமல் போகும்போதுதான்.

ஆனால் உயிருக்கும் உடம்புக்கும் நஷ்டம் வரும்போது சில கோர்ட்டுகள் இந்த விதியைத் தளர்த்தியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1977இல் வந்த ரே எதிர் அலாட் வழக்கு அப்படிப்பட்டது. ஒரு தொழிலாளி வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். ஏணி செய்த கம்பெனி அதற்கு முன்பே தன் தொழிலை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கலைந்துபோயிருந்தது. வாங்கியவர்கள் அதே ஃபேக்டரியில், அதே ஆட்களை வைத்து, அதே அலாட் என்ற பெயரில் அதே ஏணியைச் செய்துகொண்டிருந்தார்கள். விழுந்தவர் யாரைக் கேட்பது? பழைய பெயரின் நல்ல மதிப்பை அனுபவிக்கிறவர் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற சுமையையும் சுமக்கட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் எல்லா மாநிலமும் இதை ஏற்கவில்லை. காயம்பட்ட தொழிலாளிக்குச் சொன்ன இந்த வாதத்தைப் பேட்டன்ட் கடனுக்கு அப்படியே நீட்ட முடியாது. கண்டுபிடித்தவர் விற்றவரை முன்கூட்டியே எச்சரிக்கலாம், வழக்குப் போடலாம், கைமாறுவதற்கு முன் தடை கேட்கலாம். ஏணியில் ஏறியவருக்கு அப்படி எந்த வாய்ப்பும் இல்லை. அந்த வித்தியாசம் சரியென்றே எனக்குப் படுகிறது.

நம் ஃபிக்ஹிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. ஹஸ்ரத் இருக்கிறார்கள், தப்பாகச் சொன்னால் திருத்தட்டும். மௌத்தானவரின் சொத்தைப் பிரிக்கும்போது சூரா அன்னிஸாவின் 11ஆவது வசனப்படி கடனும் வஸிய்யத்தும் போகத்தான் பங்கு. வாரிசு தன் சொந்தப் பையிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். விட்டுச்சென்றதிலிருந்து, அந்த அளவுக்கு. உயிரோடிருப்பவர் தன் கடனை இன்னொருவர் தலையில் மாற்றுவதானால் அது ஹவாலா. கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும் என்று ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் ஓதியிருக்கிறோம். ஆகவே, 'பட்டறையை விற்றாகிவிட்டது, என் பொறுப்பு முடிந்தது' என்று அந்தப் பெரியவர் சொல்ல முடியாது. அவர் பட்ட கடன் அவர் மீதே இருக்கிறது. இது அந்த நோட்டீஸ் அனுப்பியவருக்கு நல்ல செய்தி, தம்பிக்கும் நல்ல செய்தி.

இனி நம் நாட்டு நிலை. நம் பேட்டன்ட் சட்டத்தில், தொழிலை வாங்கியவர் விற்றவருடைய மீறலுக்குப் பொறுப்பு என்று ஒரு பிரிவு கிடையாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு, 'வாங்குகிறவனுக்கு எந்தப் பழைய பாக்கியும் வராது' என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் நம்மவர்கள் பலர் அடிபடுகிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தொழில் கைமாறினால், கைமாறும் நாள்வரை உள்ள வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு. பிஎஃப் பாக்கியும் அப்படித்தான். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் 17-பி என்ற பிரிவு, வாங்கியவரையும் பொறுப்பாக்கியது. ஆனால் அவர் கைக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான். வாரிசு விஷயத்தில் இப்போது சொன்ன அதே அளவுகோல் பாருங்கள். பார்ட்னர்ஷிப்பில் புதிதாகச் சேர்கிறவர் தான் சேர்வதற்கு முன் நடந்ததற்குப் பொறுப்பில்லை என்று பார்ட்னர்ஷிப் சட்டம் 31ஆவது பிரிவில் சொல்கிறது. ஆக, ஒவ்வொரு பாக்கிக்கும் ஒவ்வொரு கணக்கு. வரி பாக்கி பின்னால் வரும். தொழிலாளி பணம் பின்னால் வரும். பேட்டன்ட் நஷ்ட ஈடு, கள்ளத்தனம் இல்லாதவரை, விற்றவரிடம் நிற்கும்.

நான் தம்பிக்குச் சொன்னதில் சரியான பாதி இதுதான். தப்பான பாதி, 'போய் வேலையைப் பார்' என்று சொன்னேனே, அது.

பேட்டன்ட் மீறல் என்பது ஒருநாள் நடந்து முடிகிற காரியம் அல்ல. சட்டத்தின் 48ஆவது பிரிவைப் படித்தால், உரிமையாளர் சம்மதமில்லாமல் செய்வது மட்டுமில்லை, பயன்படுத்துவது, விற்பது, விற்க முன்வருவது, இறக்குமதி செய்வது எல்லாமே அதில் வருகிறது. அப்படியானால், பெரியவர் செய்து வைத்துவிட்டுப் போன மூன்று பிரஸ் நிற்கிறதே, அதைத் தம்பி விற்றால்? செய்தது பெரியவராக இருக்கலாம். விற்றது தம்பி. அந்த விற்பனை தம்பியின் சொந்த மீறல். சாவி வாங்கிய மறுநாள் அதே மோல்டில் நான்காவது பிரஸ்ஸை வார்த்தால் அதுவும் அவருடையதுதான். தேவூ வழக்கில் புதுக் கம்பெனி பணம் கட்டியது இதற்காகத்தான். பழைய கணக்குக்கு இல்லை, தன் கணக்குக்கு.

இன்னொன்று. சட்டத்தில் 111ஆவது பிரிவு என்று ஒரு சலுகை இருக்கிறது. பேட்டன்ட் இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ள நியாயமான வழியும் இல்லை என்று நிரூபித்தால் நஷ்ட ஈடு கிடையாது. தம்பி அந்த நோட்டீஸை ஒரு முறைக்கு மூன்று முறை படித்துவிட்டார். இனி அந்தக் கதவு அவருக்குத் திறக்காது. நம்மில் ஒரு பெரியவர் என்னிடம், "அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே" என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அனுப்பியவரிடம் நகல் இருக்கும், ரிஜிஸ்டர் தபால் ரசீதும் இருக்கும். அதைவிட, தம்பிக்குத் தெரியும் என்பது தம்பிக்கே தெரியுமே.

சிலர், 'விற்றவர் லைசென்ஸ் வாங்கித்தான் செய்தார்' என்று சொல்லி விற்பார்கள். லைசென்ஸ் பெரும்பாலும் வாங்கிய ஆளுக்கு மட்டும்தான். பேட்டன்ட் உரிமையாளரின் சம்மதமில்லாமல் அது பட்டறையோடு கைமாறாது. காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கைமாற்ற அனுமதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். முதலில் மூன்று பிரஸ்ஸையும் விற்காமல் ஓரமாக வைத்தோம். வக்கீல் சகோதரர் அந்த பேட்டன்ட் நம்பரை எடுத்து அரசாங்கத்தின் இணையப் பதிவில் தேடினார். அது இலவசம்தான், இன்பாஸ் என்று பெயர், எல்லோரும் பார்க்கலாம். வருடாவருடம் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்டாமல் பேட்டன்ட் காலாவதியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக. காலாவதியாகவில்லை, உயிரோடுதான் இருந்தது. அதில் எழுதியிருப்பதைப் பிரஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பூட்டு அமைப்பு மட்டும்தான் பிரச்சினை, மற்றது எல்லாம் எல்லோரும் செய்கிற பழைய முறை என்று தெரிந்தது.

அடுத்து பெரியவரைப் போய்ப் பார்த்தோம். நான், தலைவர், தம்பி மூவரும். முதலில் கோபப்பட்டார். பிறகு அழுதுவிட்டார். பதில் போட வக்கீலுக்குப் பணமில்லை, பயத்தில் இழுப்பறையில் போட்டேன் என்றார். விற்றுவிட்டால் தொல்லை தீரும் என்று நினைத்திருக்கிறார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனாலும் மறைத்தது மறைத்ததுதான். வியாபாரத்தில் சரக்கின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.

பேசி முடிவானது இதுதான். பாக்கித் தொகை முழுவதையும் உடனே கொடுப்பதில்லை. ஒரு பகுதியை நம் அறக்கட்டளை அமானத்தாக வைத்திருக்கும். நம் நாட்டில் இப்படிப்பட்ட வழக்குப் போட மூன்று வருடம் காலக்கெடு. பெரியவர் காலத்து விற்பனைக்கு யாராவது தம்பியிடம் வந்து கேட்டால் அந்த அமானத்திலிருந்து தீர்ப்பது. வராவிட்டால் காலம் முடிந்ததும் பெரியவருக்குப் போய்ச்சேரும். அக்ரிமெண்டைத் திருத்தி, கைமாறிய தேதிக்கு முந்தைய மீறல் எல்லாம் விற்றவர் பொறுப்பு என்று தெளிவாக எழுதினோம். ஒன்றை மறக்கக் கூடாது: இந்த எழுத்து இவர்கள் இரண்டு பேருக்கு இடையில்தான் கட்டும். மூன்றாம் ஆளான பேட்டன்ட்காரரை இது கட்டாது. அதனால்தான் வெறும் எழுத்தோடு நிற்காமல் பணமும் வைத்தோம்.

பெயர் விஷயத்தில்தான் தம்பிக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். பெயரை மாற்று என்றேன். "மாமு, அந்தப் பேருக்காகத்தானே இவ்வளவு விலை கொடுத்தேன்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளர் அந்தப் பெயரைத்தான் தேடி வருகிறார்கள். கடைசியில் பழைய பெயரை வைத்துக்கொண்டு, போர்டிலும் பில்லிலும் கைமாறிய தேதியையும் புதிய உரிமையாளர் பெயரையும் போடுவது, பத்திரிகையில் ஒரு அறிவிப்புக் கொடுப்பது என்று ஒத்துக்கொண்டோம். நம் ஊரில் கொரியாவைப் போல் அதற்கென்று பதிவேடு இல்லை. ஆனாலும் ஊரறியச் சொல்லியாகிவிட்டது.

நோட்டீஸ் அனுப்பிய கம்பெனிக்கும் எழுதினோம். பட்டறை இன்ன தேதியில் கைமாறியது, புதிய உரிமையாளர் அந்தப் பூட்டு அமைப்பைப் பயன்படுத்தவில்லை, நிற்கிற மூன்று மெஷினை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று. இதை எழுத வேண்டாம், வலியப் போய் மாட்டிக்கொள்வானேன் என்று குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள். பெரும்பான்மையாக எழுதுவது என்றே முடிவானது. அந்தக் கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. தம்பி வேறு மாதிரிப் பூட்டு ஒன்றைத் தானே வரைந்து, ஒரு பிரஸ்ஸில் பொருத்தி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் செய்தது நழுவியது. இரண்டாவது பரவாயில்லை என்கிறார். அது நன்றாக வந்தால், கிண்டியில் உள்ள பேட்டன்ட் அலுவலகத்துக்கு அவரே விண்ணப்பம் போடலாம் என்று வக்கீல் சகோதரர் ஆசை காட்டியிருக்கிறார்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. இனி கர்ளன் ஹஸனா வாங்கி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற தொழிலை, கடையை, பட்டறையை வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் அக்ரிமெண்ட் நகல், ஜிஎஸ்டி, பிஎஃப் பாக்கி விவரம், விற்பவருக்கு வந்த நோட்டீஸ் ஏதும் உண்டா இல்லையா என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. வக்கீல் சகோதரர் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பார், கட்டணம் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் வரலாம். வரும்போது பட்டறையின் பழைய காகிதக் கட்டு எதுவாக இருந்தாலும், கரண்ட் பில் உட்பட, அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள்.